கரகம் ஜோடிக்கப் பம்பை, ஊர்வலத்துக்குச் செண்டை

ஆனி மாதக் கடைசியில் திருவண்ணாமலையின் ஏதாவதொரு தெருவில், மாரியம்மன் கோயில் திண்ணையில் விழாக்குழு கூடியிருக்கும். பந்தல், சீரியல் லைட், கூழுக்குக் கேழ்வரகு என்று ஒவ்வொன்றாக முடித்து மேளத்துக்கு வரும்போது பேச்சு தடுக்கும். பையன்கள் செண்டை கேட்பார்கள். பம்பை இல்லாமல் கரகம் எழும்பாது என்பார்கள் பெரியவர்கள். கடைசியில் யாருக்கும் நோகாமல் ஒருவர் தீர்த்துவைப்பார்: "கரகம் ஜோடிக்கப் பம்பைய சொல்லிடுங்க, ஊர்வலத்துக்குச் செண்டைய சொல்லிடுங்க." பணமும் அப்படியே பிரியும். பெரிய பங்கு எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமரசத்தைப் பம்பையின் தோல்விக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. பம்பை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவில்லை, அதனால் தோற்றது என்பது ஒரு கட்சி. புதுப்பிக்கிறேன் என்று கிளம்பித்தான் கெட்டது என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் ஊர்வலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கின்றன. எனக்கு அந்தத் திண்ணைக்காரர் இரண்டு கட்சியையும்விடக் கூர்மையான விமரிசகராகத் தெரிகிறார். எந்த வேலைக்கு எந்த மேளம் என்று பிரித்தாரே, அந்த அளவுகோலைத்தான் முதலில் கையில் எடுக்கவேண்டும்.

பம்பை என்பது உருளை வடிவான இரண்டு மேளங்களை ஒன்றாகக் கட்டி உடம்போடு சேர்த்துத் தொங்கவிட்டு வாசிப்பது. ஒன்று உலோகம், மற்றது மரம். உலோகம் வெடித்துப் பேசும், மரம் அடியில் நின்று தாங்கும். கூட உடுக்கை, கைச்சிலம்பு. மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்தால் ஒரு செட்டு. திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் அம்மன் வழிபாடு இந்தச் செட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. பெரிய கோயிலில் அண்ணாமலையாருக்கு நாகசுரமும் தவிலும். தெருவிலிருக்கும் மாரியம்மனுக்கும் ஏரிக்கரை அங்காளம்மனுக்கும் பம்பை. இந்தப் பிரிவினையில் மேல் கீழ் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: கார்த்திகை தீபத் திருவிழா கொடியேறுவதற்கு முந்தைய மூன்று நாட்களில் துர்க்கையம்மனுக்கும் பிடாரிக்கும் பிள்ளையாருக்கும் உற்சவம் நடந்தாக வேண்டும். ஊர்க்காவல் தெய்வங்களைக் கேட்காமல் இந்த ஊரில் அண்ணாமலையாரே தேரேறுவதில்லை.

ஆனால் பம்பையை மேளம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பம்பைக்காரர் முதலில் பாட்டுக்காரர். அவர் பாடும் வர்ணிப்புதான் வேலையைச் செய்கிறது. அம்மனை அவள் ஊர்பேர் சொல்லி, அவள் நடந்துவந்த வழி சொல்லி, கூப்பிட்டும் கெஞ்சியும் சில சமயம் வம்புக்கிழுத்தும் வரவழைப்பது. இந்தப் பகுதியில் கல்யாணத்துக்கு முன் பல குடும்பங்கள் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். குடும்பத்தில் செத்துப்போய்த் தெய்வமானவளைக் கிணற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ போய் அழைத்து வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அங்கே பம்பைக்காரர் பேசுகிறார், அடிக்கிறார், காத்திருக்கிறார், யார் மேலாவது இறங்கியதும் கேள்வி கேட்கிறார், வந்தது யார் என்று உறுதி செய்துகொள்கிறார். இசபெல் நபொகோவ் தென்னார்க்காட்டு வட்டாரச் சடங்குகளைப் பற்றி 2000-இல் வெளியிட்ட ஆய்வுநூலில் பம்பைக்காரர் இடம்பெறுவது இதனால்தான். சடங்கின் பின்னணி இசை என்று அவரை ஒதுக்க முடியாது. சடங்கை நடத்துகிறவரே அவர்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு செண்டைக்கு வருவோம்.

செண்டை வெளியூர்க் கருவி, நம் மேளத்தை விழுங்க வந்தது என்ற புலம்பலில் எனக்குப் பங்கில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் வரிசைப்படுத்திய தோற்கருவிகளில் திமிலையும் இடக்கையும் இருக்கின்றன. இன்று அவற்றை மனம் நிறையக் கேட்கவேண்டுமானால் கேரளக் கோயில்களின் பஞ்சவாத்தியத்துக்குத்தான் போகவேண்டும். நாம் விட்டதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டதோடு நிற்காமல் கற்றுக்கொடுக்க இடமும் கட்டினார்கள். கவிஞர் வள்ளத்தோள் முன்னின்று 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் செண்டை ஒரு பாடம். செண்டையின் பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் மெல்லத் தொடங்கி 48, 24, 12, 6 என்று பாதிபாதியாகக் குறுகி முடியும். மணிக்கணக்கில் நின்று கேட்கிற கூட்டம், எங்கே காலம் மாறுகிறது என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்த கூட்டம் அங்கே இருக்கிறது.

ஆனால் நம் கல்யாண மண்டப வாசலிலும் கடைத் திறப்பு விழாவிலும் கட்சி ஊர்வலத்திலும் கேட்பது அந்தப் பஞ்சாரி அல்ல. பெரும்பாலும் சிங்காரி மேளம். குதிப்பும் வளைவும் வரிசை மாறுதலும் கொண்ட, இலகுவான, வேகமான வகை. கேரளத்து மேளப் பிரியர்களே அதைப் பஞ்சாரிக்கு அருகில் உட்காரவைக்க மாட்டார்கள். இன்று அதை வாசிக்கிறவர்களில் பலர் நம் மாவட்டத்துப் பையன்களே. வேட்டியில் கசவுக்கரை, பேச்சில் போளூர். ஆக, பம்பை இங்கே ஒரு பழைய சாஸ்திரிய மரபிடம் தோற்கவில்லை. கூட்டமும் சத்தமும் சீருடையும் சரியான நேரத்துக்கு வந்து நிற்பதும் சேர்ந்த ஒரு சேவையிடம் தோற்றது. இந்த உண்மை கசப்பானது. அதே சமயம் விடுதலையும் தருவது. பதினைந்து பேர் தோளில் மாட்டி அடிக்கும் செண்டையின் முன் மூன்று பேர் பம்பை சத்தத்தில் ஜெயிக்க வழியே இல்லை. ஜெயிக்க முடியாத இடத்தில் ஜெயிக்கவில்லை என்பதைக் குறையாக எழுதக்கூடாது.

போட்டி செண்டையோடு முடியவில்லை. கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் பெருகிய கயிலாய வாத்தியக் குழுக்கள் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நகரா, உடல், பிரம்மதாளம், கொம்பு, எக்காளத்தோடு நடக்கின்றன. பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இலவசமாகக் கிடைக்கும் மேளத்தோடு தொழில்முறை மேளம் விலைபேச முடியாது. இன்னொரு பக்கம், பூஜை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்ளும் மோட்டார் பெட்டி. அதற்குச் சாப்பாடுகூட வேண்டாம். இவற்றுக்கெல்லாம் நடுவில் நின்றுதான் பம்பை செட்டுகள் தங்களைப் புதுப்பிக்கப் பார்க்கின்றன. அந்த முயற்சிகளைத் தனித்தனியே எடைபோடலாம்.

முதலில் தோல். ஆட்டுத்தோலுக்குப் பதில் ஃபைபர். கார்த்திகை மழையில் தோல் தொய்ந்து, நெருப்பு மூட்டிக் காய்ச்சி, மறுபடி நனைந்து தொய்ந்து படும் பாட்டைப் பார்த்தவர்கள் ஃபைபரைக் குறைசொல்லத் தயங்குவார்கள். நானும் தயங்குகிறேன். ஆனால் காது பொய் சொல்லாது. உலோகப் பம்பையில் ஃபைபர் பெரிய நஷ்டமில்லை. அது எப்படியும் வெடிக்கிற குரல்தான். மரப்பம்பையில் நஷ்டம் பெரிது. அடித்த பின் எஞ்சி நின்று அடுத்த சொல்லுக்கு இடம் கொடுக்கும் கார்வை போய், தட்டுத் தட்டென்ற வறட்டுச் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. பாடகர் அந்தக் கார்வையின் மேல்தான் ஏறி நின்று பாடுவார். அது போனதும் குரலை உயர்த்துகிறார். குரலை உயர்த்தினால் சொல் தேய்கிறது. உலோகத்துக்கு ஃபைபர், மரத்துக்குத் தோல் என்று வைத்துக்கொண்ட ஒரு செட்டைக் கேட்டேன். கேட்டவற்றுள் அதுவே சரியான தீர்வு. கருவியை மாற்றினாலே மரபு போய்விடும் என்பவர்கள் தவிலைப் பார்க்கட்டும். வார்ப்பின்னல் போய் இரும்பு வளையமும் திருகாணியும் வந்தன. தவில் சுருதிக்கு இன்னும் கட்டுப்பட்டதே ஒழிய, ஒன்றும் குறையவில்லை.

மைக் விஷயத்தில் இத்தனை கருணை காட்ட முடியாது. கழுத்தில் ஒரு மைக், வண்டியில் ஒரு பெட்டி, பெட்டியில் எக்கோ. எக்கோ போட்டால் சாமி பேசுவதுபோல் இருக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! வர்ணிப்பில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் இடித்தால் பொருளே போச்சு. பாடகர் மைக்கில் உலோகப் பம்பையும் சேர்ந்து விழுவதால் பாட்டு அடியில் அமிழ்ந்துவிடுகிறது. மைக் வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. இருநூறு பேர் கூடும் தெருவில் அது வேண்டும். குரலுக்காக வாங்கிய மைக் குரலையே தின்கிறது என்பதுதான் வழக்கு. இதைச் சரிசெய்யப் பெரிய செலவும் இல்லை, எக்கோவை நிறுத்தினாலே பாதி சரியாகும்.

சீருடையைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லை. மஞ்சள் வேட்டியோ சிவப்புத் துண்டோ, துவைத்ததாக இருந்தால் போதும்.

சினிமா மெட்டு வேறு சங்கதி. அம்மன் பாட்டு சினிமாவோடும் இசைத்தட்டோடும் கொண்ட உறவு பழையது. எல். ஆர். ஈஸ்வரியின் குரல் குழாய் ஒலிபெருக்கியில் ஏறாத ஆடி மாதம் எங்கள் பக்கம் எப்போதாவது இருந்ததா? அதனால் மெட்டு எங்கிருந்து வந்தது என்று நான் சண்டை பிடிப்பதில்லை. பிரச்சினை மெட்டோடு வரும் கட்டுக்கோப்பு. சினிமா மெட்டு பல்லவி, சரணம் என்று நான்கு நிமிடத்தில் முடிவது. சாமி அதற்குள் வந்தாக வேண்டும்! வர்ணிப்போ எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்து நீளுவது, குறுகுவது. ஒரு பெண்ணின் தோள் நடுங்குவதைக் கண்டதும் பாடகர் அந்த வரியிலேயே நின்று மூன்று தரம் திருப்புவார், மரப்பம்பை காலத்தைப் பாதியாக்கும், உடுக்கை காதருகே போகும். முன்னமே அளந்து வைத்த பாட்டில் இதற்கு இடமில்லை. சினிமா மெட்டைப் பிடித்துக்கொண்ட செட்டுகளில் பாடகர் கூட்டத்தைப் பார்க்கிறார், ஆளைப் பார்ப்பதில்லை. செண்டைக்காரர்கள் கூட்டத்தைப் பார்த்து வாசிப்பதில் இவரைவிடக் கெட்டிக்காரர்கள். எனவே இந்த ஒரு புதுமையை மட்டும் தயக்கமில்லாமல் நிராகரிக்கிறேன்.

நிராகரிக்கிற உரிமை வேண்டுமானால் பழைய வழியின் குறைகளையும் சொல்லவேண்டும். நான் கேட்ட செட்டுகளில் பாதிக்கு மேல் வர்ணிப்பு தேய்ந்துபோயிருந்தது. அம்மன் புறப்பட்ட கதை தெரியும், நடுவழி மறந்துவிட்டது. மறந்த இடத்தை வேகத்தால் நிரப்புகிறார்கள்; அதுவும் தீர்ந்தால் பணம் கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிக்கிறார்கள். அங்காளம்மனுக்கும் மாரியம்மனுக்கும் ஒரே வர்ணிப்பு, பெயரை மட்டும் மாற்றி. ஆறு மணி என்றால் எட்டரைக்கு வருவது. இதையெல்லாம் மரபு என்ற போர்வைக்குள் மறைக்கக்கூடாது. மயானக்கொள்ளை சமயத்தில் மேல்மலையனூரில் நல்ல பாடகர் ஒருவரைக் கேட்டுவிட்டு ஊர் திரும்பினால், நம் தெருவில் கேட்பது எத்தனை மெலிந்த நகல் என்பது புரியும்.

மேடையைப் பற்றி. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா, இடையில் நின்று, 2023-இலிருந்து 'நம்ம ஊரு திருவிழா'வாக மறுபடி நடக்கிறது. அதே 2007-இல்தான் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் வந்தது. கருவியும் உடையும் வாங்க அரசு 10,000 ரூபாய் தரும் திட்டமும் உண்டு. இவற்றால் கலைஞருக்கு மதிப்பு கூடியது. பூங்காவில் வாசிக்கிறவரை யாரும் "டேய் மேளம்" என்று கூப்பிடுவதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பதினைந்து நிமிட மேடைக்குப் பம்பை தன்னைச் சுருக்கும்போது மிஞ்சுவது குச்சி வேகமும் கைச்சிலம்பின் சுழற்சியும் மட்டுமே. அழைக்க ஆள் இல்லாத இடத்தில் அழைப்புப் பாட்டு எதற்கு? 

பறையைப் பார் என்பார்கள். பறை உண்மையில் பெரிய வெற்றிதான். சாவு வீட்டோடும் சாதியோடும் கட்டிப்போட்டிருந்த கருவியை அரசியலும் கலைக்குழுக்களும் விடுவித்தன. பெண்கள் எடுத்தார்கள், கணினி நிறுவன ஊழியர்கள் சனி ஞாயிறில் கற்கிறார்கள், பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ வந்தது. ஆனால் பறையில் கற்பதற்கு அடவு இருக்கிறது. அடி, அடியோடு ஆட்டம். அதைச் சடங்கிலிருந்து பிரித்து எடுத்து எந்த மைதானத்திலும் வைக்கலாம். பம்பையில் அடி மட்டும் தனியே நிற்காது, சொல்லோடு ஒட்டியது. அருணகிரிநாதர் பிறந்த ஊர் என்று பெருமை பேசுகிற நமக்கு இது புரியவேண்டும். சொல்லே மேளமாகிற திருப்புகழில் சொல்லை நீக்கிவிட்டுச் சந்தத்தை மட்டும் யார் கேட்பார்கள்? அதனால் பறையின் பாதை பம்பைக்கு அப்படியே பொருந்தாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்ற கதவு.

மலேசியாவின் உறுமி மேளக் குழுக்கள்தான் நெருங்கிய உதாரணம். அங்கே இளைஞர்கள் குழு சேர்த்து, தைப்பூசத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, சொந்தமாகப் பக்திப் பாட்டுக் கட்டி, ஒலிப்பதிவு செய்து வெளியிடுகிறார்கள். அதில் எல்லாம் நல்ல பாட்டு என்று சொல்ல மாட்டேன். சத்தத்துக்கும் குறைவில்லை. இருந்தாலும் பழைய மேளத்துக்குப் புதிய சொல் கொடுக்க வேண்டும் என்ற புத்தி அவர்களுக்கு இருந்தது. இங்கே கருவியைப் புதுப்பித்தோம், உடையைப் புதுப்பித்தோம், வண்டியில் பெயர்ப்பலகைகூட மாட்டினோம். நம் தெருவுக்கு, நம் காலத்துக்கு ஒரு புதிய வர்ணிப்பு கட்டினவர்கள் எத்தனை பேர்? மாரியம்மன் புறவழிச் சாலையைக் கடந்து வருகிறாள் என்று பாட ஏன் ஒருவரும் துணியவில்லை?

கற்பிக்க இடம் இல்லை என்பது பாதி விடை. திருவண்ணாமலை உட்பட 17 ஊர்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். பம்பை அதில் இல்லை. சேர்த்தாலும் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் அடியை மட்டும் எழுதி, சொல்லை விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

மீதி விடை வேறு. பம்பைக்காரரின் மகன் செய்யாறு சிப்காட் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறான் என்றால் அதை நான் கலையின் சரிவாக எழுத மாட்டேன். திருவிழா மாதங்களில் கூலி, மற்ற மாதங்களில் கடன்; தெருவில் மரியாதை அரைகுறை. மகன் போனது நியாயம். கலை நிலைக்க வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் அதே இடத்தில் நிற்கவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் குடும்பத்துக்கு வெளியே சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று வர்ணிப்பைப் பூட்டி வைப்பவரையும் நான் மன்னிப்பதில்லை. சொல்லைச் சொல்லாமல் சாகிறவர்தான் செண்டையைவிடப் பம்பைக்குப் பெரிய எதிரி.

என் தீர்ப்பு இப்படி வருகிறது. ஊர்வல மேளமாகப் பம்பை தோற்றுவிட்டது, அங்கே துரத்திக்கொண்டு ஓடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். அழைப்பு மேளமாக அதற்கு இந்த மாவட்டத்தில் போட்டியே இல்லை. கரகத்தைச் செண்டை ஜோடித்து நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. ஆனால் அந்த ஆட்சிக்கு ஆதாரமான சொல்லை அது தானே தொலைத்துக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் கழித்து ஒரு செட்டு பிழைத்திருக்குமா என்று கேட்டால், அதன் வண்டியையும் பெட்டியையும் பார்க்க மாட்டேன். முழு வர்ணிப்பையும் மனப்பாடமாகப் பாடக்கூடிய, முப்பது வயதுக்குட்பட்ட இரண்டாவது குரல் ஒன்று அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தக் குரல் மகனுடையதாக இருக்கவேண்டியதில்லை. பெண் குரலாக இருந்தால், அம்மனுக்கு ஆட்சேபணை இருக்காது என்றே நினைக்கிறேன்.

போன ஆடியில் ஏரிக்கரையில் கரகம் ஜோடிப்பதைப் பார்க்க நின்றேன். செண்டைக்காரர்கள் முன்னமே வந்துவிட்டார்கள், பதினான்கு பேர். பம்பை தொடங்கி இருபது நிமிடம் ஆகியும் கரகம் எடுப்பவர் மேல் அருள் இறங்கவில்லை. பாடகருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அன்று மைக் கெட்டுப்போயிருந்ததால் வெறும் குரலில் பாடினார். முதல் தடவையாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது. செண்டைக் குழுவின் தலைவர் செல்போனில் மணி பார்த்தார். அடுத்த ஊரில் அவர்களுக்கு இன்னொரு புக்கிங். விழாக்குழுக்காரரிடம் போய் ஏதோ கேட்டார். "கரகம் எழும்பணும்ல" என்றார் அவர். பதினான்கு பேரும் செண்டையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.